அரசு மேல்நிலைப் பள்ளி: மாணவர் வாழ்க்கை, மன்றங்கள், விழாக்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் காவிரி டெல்டாவில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருக்கிறேன். இலக்கிய மன்றமும் பள்ளி விழாக்களும் பல ஆண்டுகளாக என் பொறுப்பில் இருக்கின்றன. ஜூன் மாதச் சேர்க்கையின்போதும் பெற்றோர் கூட்டங்களிலும், சில நேரம் கடைத்தெருவில் வழிமறித்தும் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரையுள்ள பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் மனத்தில் வைத்து எழுதியது.

என் மகன் ஒன்பதாம் வகுப்பில் புதிதாகச் சேர்கிறான். பள்ளியில் ஓர் ஆண்டு எப்படிப் போகும்?

ஜூனில் பள்ளி திறந்ததும் பாடநூல், நோட்டு, சீருடை, பஸ் பாஸ் என்று முதல் சில வாரங்கள் ஓடிவிடும். ஜூலை 15 காமராசர் பிறந்தநாள்; கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடுகிறோம். பேச்சு, கட்டுரை, ஓவியப் போட்டிகளுக்கு அந்த ஆண்டின் முதல் வாய்ப்பு அதுதான். அதையொட்டிக் குறுவட்ட விளையாட்டுப் போட்டிகள், அதாவது பக்கத்துப் பள்ளிகளுக்கிடையிலான போட்டிகள், தொடங்கும். சுதந்திர தினம், ஆசிரியர் தினம், செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. ஜனவரியில் பொங்கலும் குடியரசு தினமும். ஆண்டு விழா பெரும்பாலும் அதற்குப் பிறகு, பொதுத்தேர்வு நெருங்குவதற்கு முன் நடக்கும். மார்ச் வந்துவிட்டால் பள்ளியே தேர்வுக்கூடமாக மாறிவிடும்.

ஆகவே ஒரு பிள்ளை எதிலாவது சேர வேண்டுமென்றால் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஆசிரியர் கண்ணில் பட்டுவிடுவது நல்லது. பெயர்ப் பட்டியல்கள் அப்போதுதான் உருவாகின்றன.

மகள் வீட்டில் நன்றாகப் பேசுகிறாள். நான்கு பேர் முன்னால் நிற்கச் சொன்னால் நடுங்குகிறாள். எங்கே தொடங்குவது?

காலை வழிபாட்டுக் கூட்டத்தில். விழா மேடையைவிட எளிய இடம் அது. பலன் விழா மேடையைவிட அதிகம். தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, திருக்குறளும் பொருளும், செய்தி வாசிப்பு, நாட்டுப்பண் என்று எல்லாவற்றையும் பிள்ளைகளே நடத்துகிறார்கள். ஒவ்வொன்றும் ஓரிரு நிமிடந்தான். தமிழ்த்தாய் வாழ்த்து 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டபோது, அதை 55 நொடிகளில் பாடி முடிக்க வேண்டும் என்றும் அரசு வரையறுத்தது. குழுவாகப் பாடுவதால் நடுக்கம் உள்ள பிள்ளைக்கு அது மிகவும் பொருத்தம். பக்கத்தில் தோழிகள் நிற்க, பாடி முடித்துவிட்டு வரிசைக்குத் திரும்பிவிடலாம். பிறகு குறள். அதன் பிறகு செய்தி.

சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியைச் செய்தி வாசிக்கச் சொன்னேன். அவள் எழுதி வந்திருந்த தாள் மைக் அருகே படபடவென்று அடித்துக்கொண்டது. காற்று இல்லை, அவளுடைய கைதான். அந்தச் சத்தம் ஒலிபெருக்கி வழியே மைதானம் முழுக்கக் கேட்டது. அதைக் கேட்டு அவள் இன்னும் பயந்தாள். இரண்டு செய்தியோடு இறங்கிவிட்டாள். அன்று மாலை நான் சொன்னது ஒன்றே ஒன்று: நாளைக்குத் தாளைப் பரீட்சை அட்டையில் கிளிப் போட்டு எடுத்து வா. மறுநாள் கை நடுங்கியதோ என்னவோ, தாள் சத்தம் போடவில்லை. ஆறு செய்தியையும் வாசித்துவிட்டாள். பிளஸ் டூ படிக்கும்போது ஆண்டு விழாவைத் தொகுத்து வழங்கியவள் அவள்தான்.

பயத்தைப் போக்கிய பிறகு மேடையேற்றலாம் என்று காத்திருக்க வேண்டாம். பயத்தோடு ஏறுவதற்கு ஓர் அட்டை, ஒரு தோழி, இரண்டு நிமிடம், இவை போதும்.

கலைத் திருவிழா என்கிறார்களே, அது பள்ளி ஆண்டு விழாவா?

இல்லை. ஆண்டு விழா அந்தந்தப் பள்ளிக்குள் நடப்பது. கலைத் திருவிழா 2022-23 கல்வியாண்டில் பள்ளிக் கல்வித் துறை தொடங்கியது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக மேலே போகும். ஓவியம், களிமண் சிற்பம் போன்ற நுண்கலைகள், வாய்ப்பாட்டு, தோற்கருவி, துளைக்கருவி, தந்திக் கருவி, நடனம், நாடகம், பேச்சும் கவிதையும் அடங்கிய மொழித்திறன் என்று பிரிவுகள் உண்டு. மாநில அளவில் வெல்கிறவர்களுக்குக் கலையரசன், கலையரசி என்ற பட்டம். சேருவதற்குக் கட்டணம் கிடையாது. வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுத்தால் பள்ளி பதிவு செய்துகொள்ளும்.

இந்தத் திருவிழாவைப் பற்றிச் சொல்லும்போது என் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். என் வகுப்பில் கடைசி பெஞ்சு மாணவன் ஒருவன் மாதத்தில் நான்கைந்து நாள் வரமாட்டான். கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான். வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே இரண்டு ஆண்டுகள் விடுப்பு போட்டுக்கொண்டே இருந்தேன்; எங்கே போகிறான் என்று நான் விசாரிக்கவே இல்லை. தோற்கருவிப் பிரிவுக்கு ஆள் இல்லாமல் தேடியபோது இன்னொரு மாணவன் சொன்னான், "அவன் மாமாவோடு பறை வாசிக்கப் போவான் ஐயா" என்று. அழைத்துக் கேட்டேன். வெகுநேரம் பேசாமல் நின்றவன், "இதைப் பள்ளிக்கூடத்தில் வாசிக்கலாமா ஐயா?" என்று கேட்டான். அந்தக் கேள்வியை அவன் கேட்கும்படி வைத்திருந்தது யார் என்று நினைத்தபோது எனக்குக் கூசியது.

வட்டாரப் போட்டி நாளில் சத்துணவுக் கூடத்தின் பின்புறம் கொஞ்சம் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சினான். தோலைத் தீயருகே பிடித்துத் திருப்பித் திருப்பி, விரலால் சுண்டிப் பார்த்து, மறுபடியும் காய்ச்சினான். முதலில் மந்தமாக இருந்த ஓசை கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக் கணீரென்று எழுந்தது. அடிக்குச்சியும் சிம்புக்குச்சியும் அவன் கையில் ஏறியபோது வகுப்பில் நான் பார்த்திராத ஒரு பையன் அங்கே நின்றான். சங்க இலக்கியத்தில் பறை வரும் இடங்களையெல்லாம் வகுப்பில் விளக்கியிருக்கிறேன். பறை வாசிக்கிறவன் என் முன்னாலேயே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

மாவட்டத்தோடு திரும்பி வந்துவிட்டோம். அதற்குப் பிறகு அவன் காரணம் சொல்லாமல் விடுப்பு எடுத்ததில்லை.

ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். போட்டி அறிவிப்பு வந்ததும் போன ஆண்டு மேடையேறியவர்களின் பட்டியலையே எடுக்காதீர்கள். யாருடைய வீட்டில் என்ன கலை இருக்கிறது என்று ஒரு பாடவேளை ஒதுக்கிக் கேளுங்கள். தவிலும் கரகமும் கும்மிப் பாட்டும் மண்பாண்டமும் கூடை முடைதலும் நம் வகுப்பறைக்குள் வந்து அமைதியாக உட்கார்ந்திருக்கின்றன.

மகிழ் முற்றம் என்றால் என்ன? என் மகள் "நான் நெய்தல்" என்கிறாள்.

அரசுப் பள்ளிகளில் 2024 நவம்பர் 14 அன்று தொடங்கப்பட்ட மாணவர் குழு அமைப்பு. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்கள். மாணவரும் ஆசிரியரும் இவற்றில் பிரிக்கப்படுகிறார்கள்; ஒவ்வொரு குழுவுக்கும் தலைவர்கள் உண்டு. தனியார் பள்ளிகளில் நிறத்தின் பெயரிலோ தலைவர்களின் பெயரிலோ இருந்த அணிகள் இங்கே ஐந்திணையின் பெயரில் வந்திருக்கின்றன. திணையைப் பாடமாக நடத்துகிற எனக்கு இதில் தனி மகிழ்ச்சி. பாலைக்கு உரிய உரிப்பொருள் எது என்று பாலைக் குழுப் பிள்ளையைக் கேட்டால் இப்போது பதில் உடனே வருகிறது.

கையில் சாதி அடையாளக் கயிறு கட்டி வரக்கூடாது என்கிறீர்கள். அது வெறும் கயிறுதானே?

வெறும் கயிறு என்றால் கழற்றுவதில் என்ன தடை? எந்த நிறம் எந்தச் சாதி என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது. அதைக் கொண்டு யாரோடு உட்காருவது, யாரோடு சாப்பிடுவது என்று முடிவெடுக்கிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனும் அவனுடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி போன்ற அடையாளங்களைப் பள்ளியில் தடை செய்யப் பரிந்துரைத்தது. நான் அதை முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். கபடி அணியில் ஏழு பேர் கைகோத்து நிற்கும்போது மணிக்கட்டு வெறுமையாக இருக்க வேண்டும்.

குழுக்களைப் பிரிக்கும்போதும், நாடகத்துக்கு ஆள் எடுக்கும்போதும், விடுதிப் பிள்ளைகளும் ஊர்த்தெருப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் கலந்திருக்கிறார்களா என்று நான் பார்த்துப் பார்த்துத்தான் சேர்க்கிறேன். பெற்றோர் சிலர் இதற்காக என்னிடம் கோபித்துக்கொண்டதும் உண்டு. அந்தக் கோபத்துக்காக நான் பட்டியலை மாற்றுவதில்லை.

விளையாட்டில் ஆர்வம். எதுவரை போகலாம்?

முதலில் குறுவட்டம், பிறகு வருவாய் மாவட்டம், பிறகு மாநிலம். 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று பிரிவுகள். பிறந்த தேதிதான் கணக்கு, வகுப்பு அல்ல. குடியரசு தினப் போட்டிகள், பாரதியார் தினப் போட்டிகள் என்று நீங்கள் கேள்விப்படுவது இவற்றைத்தான். உடற்கல்வி ஆசிரியரைப் பார்க்க வேண்டிய நேரம் பள்ளி திறந்த முதல் வாரம்.

சான்றிதழ்களைப் பற்றி ஒரு சொல். மாவட்டத்தில் வாங்கிய சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிடுகிறார்கள்; மூன்று ஆண்டு கழித்துக் கல்லூரிச் சேர்க்கையில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குத் தேடும்போது மழை ஒழுகி எழுத்து கரைந்திருக்கிறது. அசலை ஒரு பைலில் வையுங்கள். நகலை மாட்டுங்கள்.

என்.சி.சி., என்.எஸ்.எஸ்., சாரணர், ஜூனியர் ரெட் கிராஸ்: எதில் சேர்ப்பது?

உங்கள் பள்ளியில் எது இருக்கிறதோ அதில். எல்லாப் பள்ளிகளிலும் எல்லாமும் இருக்காது. என்.சி.சி. எனப்படும் தேசிய மாணவர் படையில் உயர்நிலை வகுப்புகளில் சேர்ந்து இரண்டு ஆண்டு பயிற்சி முடித்தால் 'ஏ' சான்றிதழ்த் தேர்வு எழுதலாம். ராணுவம், காவல்துறை என்று கனவு காணும் பிள்ளைகளுக்கு இது நல்ல தொடக்கம். என்.எஸ்.எஸ். எனப்படும் நாட்டு நலப்பணித் திட்டம் மேல்நிலை வகுப்புகளுக்கு உரியது. விடுமுறையில் ஒரு கிராமத்தில் ஏழு நாள் முகாம் நடக்கும். முகாமில் பிள்ளைகளே சமைத்து, பரிமாறி, பாத்திரம் கழுவுவார்கள். வீட்டில் தட்டைக்கூட எடுத்து வைக்காத பையன்கள் அங்கே அறுபது பேருக்குச் சோறு வடிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ படிக்கும்போது இதெல்லாம் தேவையா? மதிப்பெண் குறைந்துவிடாதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்கிறவர்களின் பயம் நியாயமானது. கூலி வேலைக்குப் போகிற தாய்க்கு மகளுடைய மதிப்பெண்தான் கையிலிருக்கும் ஒரே சொத்து. அதைக் குறைத்துப் பேச எனக்கு உரிமை இல்லை.

ஆனாலும் கணக்கைப் பார்ப்போம். பிளஸ் டூவில் பாடத்துக்கு 100 வீதம் மொத்தம் 600 மதிப்பெண். செய்முறை உள்ள அறிவியல் பாடங்களுக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. செய்முறை இல்லாத பாடங்களுக்கு எழுத்து 90, அகமதிப்பீடு 10. அந்த அகமதிப்பீட்டில் கல்வி இணைச் செயல்பாடுகளுக்கும் மதிப்பெண் உண்டு. அதாவது மன்றத்தில் பேசுவதையும் நாடகத்தில் நடிப்பதையும் தேர்வு முறையே தன் கணக்கில் சேர்த்திருக்கிறது. மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை 2017 முதல் அரசு நிறுத்திவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நான் கடைப்பிடிக்கும் வழக்கம் இது: பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு வரை எல்லாவற்றிலும் இடம் உண்டு. அதன் பிறகு ஒத்திகை என்று ஒரு பாடவேளையைக்கூட எடுப்பதில்லை. ஆண்டு விழாவில் அவர்கள் பார்வையாளர்கள். வேண்டுமானால் தொகுப்புரையோ வரவேற்புரையோ தரலாம். ஒரு பாடத்தில் பின்தங்கியிருக்கும் பிள்ளையை மேடையிலிருந்து இறக்கிவிடுவதால் அந்தப் பாடம் வந்துவிடாது. அந்தப் பாடத்துக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். நாடகத்தில் உடன் நடிக்கிற தோழியே பல நேரம் அந்த ஆளாக இருக்கிறாள்.

பேச்சு, கட்டுரைப் போட்டிகளில் பரிசுத் தொகை உண்டா?

உண்டு. தலைவர்களின் பிறந்தநாளையொட்டித் தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் பேச்சுப் போட்டி நடத்துகிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கென்று அதில் தனியே சிறப்புப் பரிசும் வைத்திருக்கிறார்கள். 1330 குறளையும் ஒப்பிக்கும் திருக்குறள் முற்றோதலுக்கு 15,000 ரூபாய். இதற்கு ஒரே ஆண்டில் மனப்பாடம் செய்ய முயல வேண்டாம்; ஆறாம் வகுப்பிலிருந்து நாளுக்கு ஒரு குறள் என்று வந்தால் ஒன்பதாம் வகுப்பு முடிவதற்குள் எண்ணிக்கை முடிந்துவிடும். பதினொன்றாம் வகுப்பில் தமிழ் இலக்கியத் திறனறித் தேர்வு இருக்கிறது. தேர்வாகும் 1500 பேருக்கு மாதம் 1500 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டு கிடைக்கும். இதில் பாதி இடங்கள் அரசுப் பள்ளி மாணவர்களுக்கே.

ஒரு வேண்டுகோள்: பேச்சைப் பெற்றோரோ பயிற்சியாளரோ எழுதிக்கொடுத்து உருப்போட வைக்காதீர்கள். நடுவராக உட்கார்ந்திருக்கிறேன், மூன்றாவது வாக்கியத்திலேயே தெரிந்துவிடும்.

ஆண்டு விழா நடனத்துக்கு உடை வாங்க 800 ரூபாய் கேட்கிறார்கள். கட்டாயமா?

கட்டாயம் இல்லை. கட்டாயம் ஆக்கவும் கூடாது. ஆண்டு விழாவுக்கென மாணவர் எண்ணிக்கைக்கேற்ப அரசே பள்ளிகளுக்கு நிதி தருகிறது. போதாததற்குப் பெற்றோர் ஆசிரியர் கழகமும் முன்னாள் மாணவர்களும் உதவுகிறார்கள். பணம் கட்ட முடியாததால் உங்கள் பிள்ளை பெயரைத் திரும்பப் பெற்றதாகத் தெரிந்தால், தயங்காமல் தலைமையாசிரியரைப் பாருங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் பேசுங்கள். ஒரே நிற வேட்டியும் துண்டும், அம்மாவின் கண்டாங்கிச் சேலையும் போதும். எங்கள் பள்ளியில் மிக அதிகமாகக் கைதட்டல் வாங்கிய ஒயிலாட்டத்துக்கு ஆன செலவு, பன்னிரண்டு கைக்குட்டைகள்.

சிறப்பு விருந்தினர் வரத் தாமதமானால் பிள்ளைகளை ஒப்பனையோடு வெயிலில் உட்கார வைக்கும் வழக்கத்தையும் நாம் விட்டுவிட வேண்டும். குறித்த நேரத்தில் தொடங்கிவிடுங்கள். விருந்தினர் வரும்போது வரட்டும்.

ஒத்திகை முடிந்து மகள் தாமதமாக வருகிறாள். பயமாக இருக்கிறது.

ஒத்திகை நாள்களும் முடியும் நேரமும் முன்கூட்டியே உங்களுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. கடைசி டவுன் பஸ்ஸை விட்டுவிடும்படி எந்த ஒத்திகையும் நீளக்கூடாது. பெண் பிள்ளைகள் இருக்கும்வரை ஆசிரியை ஒருவர் உடன் இருக்க வேண்டும். பள்ளியிலோ வழியிலோ யாராவது தொந்தரவு கொடுத்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும், 14417 என்ற பள்ளிக் கல்வி உதவி எண்ணையும் மகளுக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள். "இனி நீ எதிலும் சேர வேண்டாம்" என்பதை மட்டும் முதல் பதிலாகச் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்னால் அடுத்த முறை அவள் உங்களிடம் எதையும் சொல்லமாட்டாள்.

பிளஸ் டூ பிரிவு உபசார விழா எப்படி இருக்கும்?

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நடத்துவார்கள். இனிப்பு, காரம், குரூப் போட்டோ, ஆட்டோகிராப் நோட்டு, கொஞ்சம் அழுகை. கடைசித் தேர்வு முடிந்ததும் சட்டையில் மை தெளித்துக்கொள்வது இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அந்தச் சீருடையை வெளுத்து அடுத்த ஆண்டு தம்பிக்குப் போட வைத்திருக்கும் வீடுகள் உண்டு என்பதால் நான் அதை அனுமதிப்பதில்லை.

பள்ளி திறந்து மூன்று மாதமாகிவிட்டது. என் பிள்ளை எதிலும் சேரவில்லை. இனி நேரம் கடந்துவிட்டதா?

இல்லை. செய்தி வாசிப்போர் பட்டியல் எங்கள் பள்ளியில் வாரந்தோறும் மாறுகிறது. வெள்ளிக்கிழமை மாலை வகுப்பாசிரியரிடமோ தமிழாசிரியரிடமோ பெயர் சொல்லச் சொல்லுங்கள். ஞாயிறு இரவு நாளிதழிலிருந்து ஐந்து செய்திகளைத் தன் கையெழுத்தில், வரிக்கு வரி இடம் விட்டு எழுதட்டும். உங்கள் முன்னால் இரண்டு முறை சத்தமாகப் படிக்கட்டும். திங்கட்கிழமை முதல் மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் பள்ளியில் இருக்க வேண்டும். பரீட்சை அட்டையை மறக்க வேண்டாம்.